ஊட்டியை விட்டு இன்னொரு ஏரிக்கா?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போய்வரக் கிளம்பும் மலைக்காரர்களிடமிருந்து இந்த மாதம், வட இங்கிலாந்தின் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பற்றி நிறையக் கேள்விகள். மகள் லங்காஸ்டரில் நர்ஸாக இருப்பதால் கோடையில் அந்தப் பக்கம் போய்த் தங்கி வரும் நம் கோத்தகிரி எழுத்தாளர் பதில் சொல்கிறார்.

பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஊட்டி. மகன் மான்செஸ்டரில். "லேக் டிஸ்ட்ரிக்ட் கூட்டிப் போறேம்மா" என்கிறான். ஏரி, மலை, குளிர் மூன்றையும் பார்க்க விமானம் ஏற வேண்டுமா?
– ஓர் அம்மா, ஃபிங்கர்போஸ்ட்

ஏரியைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம்மா. நம் அவலாஞ்சி ஏரியில் மழை விட்ட மறுநாள் காலையில் தெரிகிற தண்ணீருக்கு முன்னால் அங்கத்திய விண்டர்மியர் ஏரி கொஞ்சம் சுமார்தான். என் மகளிடமே இதைச் சொல்லியிருக்கிறேன், அவளுக்குக் கோபம்.

ஆனால் ஏரியோரமாக ஒரு நாள் முழுக்க நடக்க ஆசை இருந்தால் கட்டாயம் போங்கள். நம் ஊரில் அது நடக்காது. அவலாஞ்சி என்றால் வனத்துறை வண்டியில் ஏறி, காட்டுகிற இடத்தில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்குப் பேரிஜம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். காட்டெருமையும் புலியும் இருக்கிற காடு, அவர்கள் செய்வது சரிதான். அங்கே அப்படி எதுவும் கிடையாது. வழியில் மறித்து நிற்பது ஆடு மட்டும்தான். பனிக்காற்றுக்கு அஞ்சாத ஹெர்ட்விக் என்ற சாம்பல் நிற ஆடு, நம்மைப் பார்த்து நகரவே நகராது.

அடுத்த விஷயம் வழி. யாரோ ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலம், நடுவில் வேலி, வேலியில் சின்ன கேட், கேட்டில் மஞ்சள் அம்பு. அந்த அம்பு இருந்தால் அது பொதுவழி. நீங்களும் நானும் கேட்டைத் திறந்து, போய், திரும்பச் சாத்திவிட்டு நடக்கலாம். யாரும் "எங்கே போறீங்க" என்று கேட்கமாட்டார்கள். முதலில் எனக்குக் கால் கூசியது, அடுத்தவர் எஸ்டேட்டுக்குள் நுழைகிற மாதிரி. இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில், காவலாளிகள் தடுத்தும் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் ஏறி நடந்தார்கள். ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகளுக்குமான சட்டம் 1949இல்தான் வந்தது. லேக் டிஸ்ட்ரிக்ட் 1951இல் தேசியப் பூங்காவானது. கிண்டர் மான்செஸ்டருக்குப் பக்கம், மகனிடம் சொல்லி அங்கேயும் ஒரு நாள் போய்வாருங்கள்.

நடக்கும்போது கல்சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண் கூட இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு சுவராக எழுப்பி, மேலே போகப் போக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்கிற மாதிரி அடுக்குகிறார்கள். நடுவில் பொடிக்கல் நிரப்பு. பாதி உயரம் வந்ததும் இரண்டு பக்கத்தையும் கோத்துப் பிடிக்கிற நீளக் கற்களைக் குறுக்கே வைக்கிறார்கள், அவற்றின் முனை சில இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உச்சியில் தட்டையான கற்கள் செங்குத்தாக நிற்கும். அந்தச் சுவர் மலையின் தலைவரை ஏறுகிறது. தேயிலைத் தோட்டத்தில் தடுப்புச்சுவர் கட்டிய கொத்தனார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள், நம்மைவிட அவர் நன்றாக ரசிப்பார்.

எந்த ஏரி என்று கேட்டால், நான் அல்ஸ்வாட்டர் என்பேன். பென்ரித் ஸ்டேஷனில் இறங்கி 508 பஸ் பிடித்து கிளென்ரிடிங். அங்கிருந்து படகில் ஹௌடவுன் வரை போய், கரையோரமாகவே நடந்து திரும்புங்கள். சுமார் 11 கிலோமீட்டர், ஏற்ற இறக்கமும் கல்லும் உண்டு, ஊட்டிக் காலுக்குப் பெரிய விஷயம் இல்லை. படகைப் பிடித்துப் போய் நடந்து வருவதுதான் புத்தி. நடந்து போய்ப் படகுக்குக் காத்திருந்தால், கடைசிப் படகு போய்விடுமோ என்ற கவலையில் ஏரி கண்ணிலேயே படாது.

ஒரே நாளில் நான்கு ஏரி என்று பையன் திட்டம் போட்டால் சம்மதிக்காதீர்கள். நம் ஊருக்கு வருகிற டெம்போ டிராவலர்காரர்கள் செய்வதை நாம் அங்கே போய்ச் செய்ய வேண்டுமா?

மாமியாரைக் கூட்டிப் போகிறோம். இரண்டு முழங்காலும் போச்சு. ஆனால் "நான் காரிலேயே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லவும் மாட்டார். என்ன செய்ய?
– பெயர் போட வேண்டாம் என்ற மருமகள், குன்னூர்

டார்ன் ஹௌஸ் கூட்டிப் போம்மா. கோனிஸ்டனுக்கும் ஹாக்ஸ்ஹெட்டுக்கும் நடுவில் மலை மேல் இருக்கிற சின்ன ஏரி. சுற்றிவர 3 கிலோமீட்டருக்குள்தான், சக்கர நாற்காலியே உருண்டு போகிற பாதை. மூன்று சிறு குளங்களை 19ஆம் நூற்றாண்டில் அணைகட்டி ஒன்றாக்கினார்கள், ஆனால் சொன்னால்தான் தெரியும். முயல் கதைகளை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1930இல் இந்த எஸ்டேட்டை வாங்கி, பாதியை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு விற்றார். 1943இல் இறந்தபோது எழுதி வைத்தது இன்னும் 4,000 ஏக்கருக்கு மேல். பேரப்பிள்ளைகளுக்கு முயல், மாமியாருக்கு ஏக்கர் கணக்கு, இரண்டுக்கும் கதை ஆச்சு.

அப்புறம் அல்ஸ்வாட்டர் படகு. "லேடி ஆஃப் தி லேக்" 1877இல் தண்ணீரில் இறங்கியது, "ரேவன்" 1889இல். பெயருக்கு ஸ்டீமர், இப்போது ஓடுவது டீசலில். உள்ளே கூரையும் இருக்கையும் உண்டு, ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்துவிடு. மாமியார் ஜன்னலோரத்தில் இருக்கும்வரை உனக்கும் நிம்மதி.

மசினகுடி–கல்லட்டி 36 கொண்டை ஊசி வளைவில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். அங்கே வாடகைக் கார் ஓட்டலாமா? ரோடு எப்படி?
– ஓட்டுநர், மசினகுடி

ஓட்டலாம் தம்பி. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம் வரை ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான். ஹார்ட்நாட் கணவாய் என்று ஒன்று இருக்கிறது, சில இடங்களில் மூன்றடி போனால் ஓரடி ஏற்றம். அங்கே ஒரு கார்தான் போகலாம், எதிரே வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னால் எடுக்க வேண்டும். மேலே ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்ற நம் மலைப் பழக்கம் அவர்களின் சாலை விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. ஹாரன் அடிக்காதே. அடித்தால் திட்டுகிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் யோசனை: பஸ்ஸில் போ. லங்காஸ்டரிலிருந்து கெண்டல், விண்டர்மியர், கிராஸ்மியர் வழியாக கெஸ்விக் போகும் 555இல் மாடியில் முன் சீட். இருபது வருஷமாக ரோட்டைப் பார்த்தவன் ஒரு நாள் மலையைப் பார்க்கட்டும்.

எங்கள் ஏரி 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கியது. ஊட்டி ஏரி சல்லிவன் உண்டாக்கியது. அவர்கள் ஊர் ஏரிகள் மட்டும் இயற்கையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொடைக்கானல்

நல்ல கேள்வி ஐயா. பெரிய ஏரிகள் இயற்கைதான். பனியுகத்தில் பனியாறுகள் பள்ளத்தாக்கை அரைத்துத் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். அதனால்தான் பெரும்பாலானவை ஒல்லியாக, நீளமாக இருக்கின்றன. விண்டர்மியர் சுமார் 17 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே ஒன்றரை கிலோமீட்டர்தான். வாஸ்ட்வாட்டரின் ஆழம் 70 மீட்டரைத் தாண்டும், இங்கிலாந்திலேயே ஆழமானது. நம் மலைகளில் பனியாறு இப்படித் தோண்டவில்லை, ஓடையை மறித்துத்தான் ஏரி செய்ய வேண்டியிருந்தது. உங்கள் நட்சத்திர ஏரியின் கைகள் எல்லாம் தண்ணீர் ஏறிப் புகுந்த சிறு பள்ளத்தாக்குகள்.

ஆனால் அவர்களும் அணை கட்டினார்கள், அதுவும் நகரத்துக்காக. தேர்ல்மியர் தண்ணீர் 1894இல் மான்செஸ்டருக்குப் போனது. 150 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் பம்பு ஒன்றும் இல்லாமல் சரிவிலேயே ஓடுகிறது. அதுவும் போதாமல் 1930களில் ஹாஸ்வாட்டரில் அணை எழுப்பினார்கள். மார்டேல் என்ற ஊர் மூழ்கியது. தேவாலயத்தைப் பிரித்தார்கள். புதைத்தவர்களைத் தோண்டி எடுத்து ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்கள். கடும் வறட்சி வருஷத்தில் தண்ணீர் இறங்கும்போது அந்த ஊரின் சுவர்களும் பாலமும் வெளியே வரும், கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போவார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. குந்தா மின்திட்டத்துக்காக எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி என்று அணைகள் வந்ததைப் பார்த்த மலைக்காரிக்கு அது வேடிக்கையாகத் தெரியாது.

உங்களைப் போன்றவர் கோனிஸ்டன் ஏரிக்கரையில் பிராண்ட்வுட் வீட்டைப் பார்க்கலாம். ஜான் ரஸ்கின் 1872 முதல் 1900இல் இறக்கும்வரை இருந்த வீடு. 1904இல் ஜொகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தியைத் தூங்கவிடாமல் செய்தது ரஸ்கின் எழுத்துதான். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில் ஏரி தெரியும்.

அங்கே ஏரியில் குளிக்கலாமா? தண்ணீர் சுத்தமாக இருக்குமா? ஊட்டி ஏரி மாதிரி நாறாதே?
– கல்லூரி மாணவர், கூடலூர்

பல ஏரிகளில் குளிக்கலாம், தடை இல்லை. தடையில்லை என்பதால் இறங்கிவிடாதே. வெயில் அடிக்கிறதே, தண்ணீர் குளிராது என்று நினைக்கிற ஜூன் மாதத்தில்தான் ஆபத்து. கரையோரம் கணுக்கால் அளவு நின்றால் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் எலும்பில் வலிக்கும். ஆழத்தில் திடீரென்று குதித்தால் மூச்சு தானாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள். அங்கே உயிர்காப்புப் படையினர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது: விழுந்துவிட்டால் கைகால் அடிக்காதே, மல்லாந்து மித, மூச்சு அடங்கிய பிறகு நீந்து.

சுத்தம் என்றால், அவர்களுக்கும் தலைவலி உண்டு. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் வருகிற இடங்களில், பெருமழையில் குழாய் நிரம்பிச் சுத்திகரிக்காத கழிவு ஏரிக்குப் போய்விடுகிறது. விண்டர்மியரில் கோடை வெப்பத்தில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது, நாய்க்கும் குழந்தைக்கும் ஆகாது என்று எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பதாகை பிடித்துப் போராடுகிறார்கள். நம் கோடப்பமந்து கால்வாய் ஊட்டிச் சாக்கடையைக் கொண்டுவந்து ஏரியில் சேர்க்கிறது, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு மிதிபடகு ஓட்டுகிறோம்.

எந்த மாதம் நல்லது? மழை எப்படி?
– வாசகர், கேத்தி

மே கடைசி, ஜூன். வெளிச்சம் இரவு பத்து மணிவரை இருக்கும். ஜூலை கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கினால் போநெஸ் (Bowness) என்ற விண்டர்மியர் கரை ஊர், மே மாத ஊட்டிச் சேரிங் கிராஸ் ஆகிவிடும், இ-பாஸ் கூடக் கிடையாது.

மழை எப்போதும் உண்டு. சீத்வெயிட் என்ற சிற்றூரில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல், ஊட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் அது சிணுங்குகிற மழை. பக்கத்தில் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் பெய்ததை நாட்டுச் சாதனையாகச் சொல்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900ஐத் தாண்டியது என்று அங்கே ஒரு பஸ் நிறுத்தத்தில் சொன்னேன், பாட்டி ஒருத்தி நான் சுழியம் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன் என்றாள். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும்.

சைவம். என்ன சாப்பிட?
– வாசகி, வெலிங்டன்

சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து பீன்ஸ் ஊற்றித் தருவார்கள், எல்லாக் கடையிலும் உண்டு, மூன்றாம் நாள் வெறுக்கும். புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க்கில் நம் தூளில் போட்ட டீ. பால்கோவா, நெய்ப் பலகாரம் பெட்டியில் வைக்காதீர்கள், பாலும் இறைச்சியும் சேர்ந்தவற்றை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, பிடித்தால் குப்பைத்தொட்டிதான்.

வடக்கே போக நேரமில்லை. ஹீத்ரோவில் இறங்கி அரை நாள்தான் இருக்கிறது. தண்ணீரோரம் ஏதாவது?
– பேங்க் ஊழியர், கோத்தகிரி

நம் ஊர்க்காரர்! உங்களுக்கு ஸ்லௌ. சிரிக்காதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே அப்டன் பகுதியில் செயின்ட் லாரன்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1855இல் இறந்த ஜான் சல்லிவனை அங்கேதான் புதைத்தார்கள். நம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டி, ஊட்டி ஏரியை உண்டாக்கிய அதே ஆள். மனைவியும் மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸில், இவர் இங்கே. 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலும் இதே தேவாலயத்தில்தான்.

பார்த்துவிட்டு விண்ட்ஸர் போங்கள், சில மைல்தான். கோட்டைக்கு வரிசை நிற்காமல் நேரே தேம்ஸ் கரைக்கு இறங்குங்கள். பாலத்தைத் தாண்டினால் ஈட்டன், ஆற்றோரம் நடக்க வழி உண்டு, உட்கார பெஞ்சும் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் அன்னங்கள் பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற ஜாதி இல்லை, சாண்ட்விச்சைக் கையோடு பிடுங்குகிற ஜாதி.