மூன்று முறை முதல்வர்: காயிம் அலி ஷாவை எப்படி எடைபோடுவது?

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் மூன்று முறை முதல்வராக இருந்த சையது காயிம் அலி ஷாவைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். அவரைப் பொம்மை முதல்வர் என்கிறார்களே, எந்தக் கோணத்தில் எழுதலாம்? அடுத்து வந்த முராத் அலி ஷா அவருடைய மகனா?

பதில்: மகன் இல்லை. முராத், 1993 முதல் 1996 வரை முதல்வராக இருந்த அப்துல்லா ஷாவின் மகன். காயிம் அலி ஷாவின் மகள் நஃபீசா ஷா; அவரும் அரசியல்வாதிதான். நபிகள் வழிவந்தவர்களாகச் சொல்லிக்கொள்ளும் சையதுகள் பலர் பெயரில் ஷா வரும், அதை வைத்து உறவு கட்டிவிடாதீர்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம். கைர்பூர்க்காரர், வழக்கறிஞர், 1970 தேர்தலிலேயே பாகிஸ்தான் மக்கள் கட்சி சார்பில் வென்றவர் என்பதெல்லாம் ஒரு பத்திக்குப் போதும். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு அந்தந்தக் காலத்தில் என்ன அதிகாரம் இருந்தது என்று பாருங்கள்.

1988 டிசம்பரில் முதல்வரானவர் 1990 பிப்ரவரியில் பதவியிலிருந்து போய்விட்டார். இடையில், 1989 அக்டோபரில், கராச்சியில் செல்வாக்குள்ள எம்.கியூ.எம். கட்சி, மக்கள் கட்சியுடனான கூட்டணியை முறித்துக்கொண்டது. 2008இல் திரும்பி வந்தபின் ஆட்டமே வேறு. 2010இல் வந்த 18ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மத்திய அரசும் மாகாணமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலை ஒழித்து, சுகாதாரம், கல்வி போன்றவற்றை மாகாணத்தின் கையில் கொடுத்தது. அதனால் 2014இல் சிந்துவின் பாலைவன மாவட்டமான தார்பார்க்கரில் வறட்சியும் குழந்தைகளின் சாவும் செய்தியானபோது இஸ்லாமாபாத்தைக் கைகாட்டித் தப்ப முடியவில்லை. அங்கே அவரைத் தயங்காமல் விமர்சியுங்கள்.

கராச்சியின் பாதுகாப்பு விவகாரம் அப்படியல்ல. அங்கே பணியில் இருந்த ரேஞ்சர்ஸ் என்ற துணை ராணுவப் படை மத்திய உள்துறையின் கீழ் இருந்தது. 2015 டிசம்பரில் சிந்து சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: பயங்கரவாதத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஒருவரைத் தடுப்புக்காவலில் வைக்க முதல்வரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அரசு அலுவலகங்களில் சோதனை போட தலைமைச் செயலாளரின் அனுமதி வேண்டும். மத்திய அரசு அதை ஏற்காமல் ரேஞ்சர்ஸுக்குப் பழைய அதிகாரங்களையே நீட்டித்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை கையில் இருந்தும் முதல்வரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியாக இதையே வையுங்கள் என்பேன்.

அப்புறம் கட்சி. 2016 ஜூலையில் அவரை மாற்றும் முடிவு துபாயில், கட்சித் தலைவர்களான ஆசிப் அலி சர்தாரியும் அவர் மகன் பிலாவலும் இருந்த கூட்டத்தில் எடுக்கப்பட்டது. சட்டமன்றத்தில் அவர் பெரும்பான்மையை இழக்கவே இல்லை. பொம்மை என்பவர்களுக்கு இது வலுவான சான்று. ஆனால் அதே தலைமைதான் அவரை எட்டு ஆண்டுகள் வைத்திருந்தது. ஏன் என்று கேட்டு எழுதினால் கட்டுரைக்கு உயிர் வரும். என் கணிப்பில், தனக்கென்று கோஷ்டி சேர்க்காத மூத்தவர் என்பதே காரணம்.

சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் பாகிஸ்தானின் டான் நாளிதழின் பழைய செய்திகளையும் சேர்த்தே படியுங்கள். முதலில் 2015 டிசம்பர் மாதத்தை மட்டும் எடுங்கள்.