சரளைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே டயர்: சைக்கிள் கேள்வி பதில்

ஹைப்ரிட் சைக்கிள், 700×35சி டயர். பாதி தூரம் தார் ரோடு, மீதி ஏரிக்கரைச் சரளை. 29 இன்ச் டயரும் இதுக்கு உட்காரும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா அண்ணா?

ரிம்மில் உட்காரும், ஃபிரேமுக்குள் சுற்றாது. டயர் ஓரத்தில் 35-622 என்பது போல ஒரு எண் அச்சாகியிருக்கும். அதை நம்பி வாங்குங்கள். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். 700சி, 29 இன்ச் இரண்டுக்குமே 622தான். 27.5 இன்ச்சுக்கு 584, 26 இன்ச் எம்டிபிக்கு (மலைப்பாதை சைக்கிள்) 559. பழைய கறுப்பு சைக்கிளின் 28×1½ டயர் 635. அது உங்கள் ரிம்மில் நிற்காது.

29 இன்ச் எம்டிபி டயர் பெரும்பாலும் 50 மி.மீ.க்கு மேல் அகலம். உங்களுக்கு 38 அல்லது 40 போதும். வாங்குமுன் இடைவெளியை அளந்துவிடுங்கள். அல்லன் கீ (மி.மீ. கணக்கில் வரும் அறுகோணச் சாவி) செட் இருந்தால் சுலபம். 35இலிருந்து 40க்குப் போனால் பக்கத்துக்கு 2.5 மி.மீ., மேலே 5 மி.மீ. இடம் குறையும். அதற்குப் பிறகும் எல்லாப் பக்கமும் 5 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஆகவே இப்போது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் பக்கவாட்டில் 8 மி.மீ. கீயும், மேலே 10 மி.மீ. கீயும் தாராளமாக நுழைந்தால் 40 போடலாம். பின்சக்கரத்தில் பெடலுக்குப் பின்னால் இருக்கும் கீழ்க்கம்பிகளுக்கு நடுவில்தான் இடம் ரொம்பக் குறைவு, அங்கே கட்டாயம் பாருங்கள். மட்கார்டு இருந்தால் அதையும். இடம் பற்றாமல் போட்டால், டயரில் ஒட்டிவரும் கல் ஃபிரேமை அரித்துவிடும்.

மேலே குமிழ் குமிழாக இருக்கும் பட்டன் டயர் போட்டால் சரளையில் பிடிப்பு கூடும் அல்லவா?

சேற்றிலும் இளகிய மணலிலும் கூடும். இறுகிய சரளையில் பிடிப்பைத் தருவது அகலமும் குறைந்த காற்றும்தான். பெரிய பட்டன் தார் ரோட்டில் இரையும், சீக்கிரம் தேயும், வளைவில் சாயும்போது நெளியும். நடுவில் வழவழப்பான பட்டை, ஓரத்தில் சின்னப் பட்டன் உள்ள டயர் எடுங்கள்.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் சார்? கடையில் கல்லு மாதிரி ஆகும்வரை அடித்துத் தருகிறார்கள்.

டயரில் போட்டிருக்கும் மேக்ஸிமம் என்பது தாண்டக் கூடாத எல்லை. அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 70 கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 40 மி.மீ. டயர் என்றால் முன்னால் 40 பிஎஸ்ஐ, பின்னால் 45இல் ஆரம்பியுங்கள். முழுக்கச் சரளை என்றால் இரண்டிலும் 5 குறைக்கலாம். எடை 10 கிலோ கூடினால் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள். காற்று அதிகமானால் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளும். பிடிப்பு போகும், கை மரத்துப்போகும். ரொம்பக் குறைந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். பஞ்சரான டியூபில் பாம்புக்கடி போல அக்கம்பக்கமாக இரண்டு கீறல் இருந்தால் காரணம் அதுதான். 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். கேஜ் உள்ள பம்ப் வாங்கி வாரம் ஒருமுறை பாருங்கள்.

கருவேல முள் தொல்லை தாங்கவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பஞ்சர்.

ஒரே இடம் என்றால் முள்ளின் நுனி இன்னும் டயருக்குள்ளேதான் இருக்கிறது. டியூபைக் கழற்றி, டயரின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சால் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் முள். பிளையரால் உள்ளிருந்து இழுத்துவிடுங்கள். அடுத்த டயர் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக இருக்கட்டும். ஷ்வால்பே மாரத்தானில் 3 மி.மீ., மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. பட்டை உண்டு. பிளஸ் நல்ல கனம், ஓட்டம் கொஞ்சம் மந்தம். முள் நிறைந்த ஊருக்கு அந்தக் கனம் தகும் என்பேன். ஓரச்சுவரில் குத்தினால் எந்தப் பட்டையும் காக்காது.

டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா?

ரிம்மும் டயரும் இரண்டுமே டியூப்லெஸ் ரெடியாக இருந்தால் மட்டும். சாதா ரிம்மில் டேப் ஒட்டிச் செய்தால், காற்று குறைந்த நேரத்தில் வளைவில் டயர் கழன்றுகொள்ளும். 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பின் டயர் மட்டும் தேய்ந்துவிட்டது. ஒன்றுதான் வாங்க முடியும்.

ஃபோர்க்கில் இடம் இருந்தால் புதியதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவார். ஓரச்சுவரில் வெடிப்போ நூலோ தெரியும் டயரை எந்தப் பக்கமும் போடாதீர்கள்.

நானே டயர் மாட்டினேன், காற்றடித்த சில நிமிடத்தில் புது டியூப் வெடித்துவிட்டது. ஏன் அண்ணா?

டயர் ஓரத்துக்குக் கீழே டியூப் மாட்டியிருக்கும். ஒரு பக்கத்தை முழுக்க ஏற்றிவிட்டு, டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று விட்டு உள்ளே வையுங்கள். மறுபக்கத்தை வால்வுக்கு எதிரில் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். கடைசிப் பகுதி இறுக்கமாக இருந்தால், எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கிவிட்டு வந்தால் கட்டைவிரலாலேயே ஏறும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள், அங்கே சிக்கிய டியூப் விடுபடும். பிறகு 20 பிஎஸ்ஐ அடித்து, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு இரு பக்கமும் சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓர் இடத்தில் கோடு முங்கினாலோ மேலே எழும்பினாலோ காற்றை இறக்கி, அந்த இடத்தைப் பிசைந்து சரிசெய்த பிறகே முழுக் காற்று.