முழங்கால் சில்லுக்குக் கீழே வலி: ஓய்வு மட்டும் போதாது

வணக்கம். வாலிபாலில் குதிக்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே குத்துகிறது, இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகும் ஆட இறங்கியதும் திரும்பிவிட்டது என்கிறீர்கள். தசைநாண் (தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்தும் நார்) பாதிப்பாக இருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். ஓய்வு வலியை அடக்கும், தசைநாணை வலுவாக்காது. அதற்குச் சுமை கொடுக்கும் பயிற்சி வேண்டும்.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் 45 விநாடி அசையாமல் இருங்கள். இரண்டு நிமிட இடைவெளியில் 5 முறை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும் மறுநாள் கூடாமலும் இருந்தால் அளவு சரி. பிறகு எடையுடன் மெதுவான ஸ்குவாட் (முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழும் பயிற்சி). குதிப்பது கடைசியில்தான். மாதக்கணக்கில் ஆகும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வலியை மரக்கச் செய்துவிட்டுப் போட்டியில் இறங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

மூட்டு வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.