பணம் உங்களுடையது, பாஸ்வேர்டு யாரிடம்?

கேள்வி: மேலூர் அருகே சிறிய கல்யாண மண்டபம் நடத்துகிறேன். ஜெனரேட்டரை இயக்கி நிறுத்தும் கண்ட்ரோலர் பழுதாகி, சர்வீஸ்காரர் புதிது மாட்டினார். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கிளம்பிய சில விநாடிகளில் ‘ஓவர் ஸ்பீடு’ என்று காட்டி நின்றுவிட்டது. பெண் வீட்டார் முன் தலைகுனிந்து நின்றேன். செட்டிங்கைச் சரிசெய்ய மறுபடியும் பணம் கேட்கிறார். கொடுப்பதா?

பதில்: கொடுக்காதீர்கள். எஞ்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் பற்களை எண்ணித்தான் பல கண்ட்ரோலர்கள் எஞ்ஜின் வேகத்தைக் கணக்கிடுகின்றன. பற்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பதிந்துவிட்டால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் எஞ்ஜின் இன்னும் வேகமாக ஓடுவதாகத் தெரியும்; உடனே நிறுத்திவிடும். உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். பழைய கண்ட்ரோலரில் இருந்த எண்களைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றியது அவர் தவறு. அதற்குக் கூலி உங்களிடமா?

என் மனத்தில் வெகுநாளாக இருக்கும் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை விற்பவர்கள் சாவியைத் தருகிறார்கள், பில்லைத் தருகிறார்கள், செட்டிங் பட்டியலை மட்டும் தருவதில்லை. பாஸ்வேர்டு சர்வீஸ்காரர் தலைக்குள் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் உங்கள் இயந்திரமும் அவரோடு போனதாகத்தான் கணக்கு. ஆயில் அழுத்தம் எவ்வளவு குறைந்தால் எஞ்ஜின் நிற்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு சூடேறலாம் என்பதெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பகுதி.

நானும் பட்டிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் கிணற்று மோட்டாருக்கு, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய டிரைவ் ஒன்றை மலிவாக வாங்கினேன். உள்ளே பாஸ்வேர்டு பூட்டு. எங்கள் மோட்டாரின் ஆம்பியரைப் பதியவே முடியவில்லை. விற்றவர் கைபேசியை எடுக்கவில்லை. மல்லிகைச் செடிகள் பன்னிரண்டு நாள் காய்ந்தன. மொட்டுகள் மிளகளவிலேயே கருகி உதிர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அடுத்த முறை சர்வீஸ்காரர் கண்ட்ரோலர் பெட்டியைத் திறக்கும்முன், திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். செட்டிங்குகளின் பேக்கப் கோப்பை பென் டிரைவில் வாங்குங்கள். அச்சிட்ட பட்டியல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அங்கே ஒட்டாதீர்கள். அது வீட்டில் இருக்கட்டும்.

அவர் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் மண்டபத்தை நீங்களே பிழைப்புக்காக நடத்துகிறீர்கள் என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு ஆண்டு.

கேள்வி: அறுவடை இல்லாத இரண்டு மாதம் மில்லில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பழைய பி.எல்.சி.யில் இருந்த புரோகிராம் அழிந்துவிட்டது. ஏன்? (சோழவந்தான்)

பதில்: உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், இனிமேல் மின்சாரம் ஓடும்போதே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மகன் நண்பர்களோடு சேர்ந்து பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கப் போகிறான். அதிலுள்ள எஞ்ஜின் மானிட்டர் பற்றி என்ன கேட்க வேண்டும்? (திருப்பரங்குன்றம்)

பதில்: ‘கே-ஃபேக்டர்’ எவ்வளவு என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். குழாயில் ஓடும் பெட்ரோலைச் சென்சார் துடிப்புகளாக எண்ணுகிறது. எத்தனை துடிப்பு ஒரு கேலன் என்று சொல்லும் எண் அது. அது பிசகினால் மீதமுள்ள எரிபொருள் கணக்கே பிசகும். மென்பொருளைப் புதுப்பிக்கும்முன் செட்டிங்குகளின் நகலை எடுக்கட்டும். புதுப்பித்தபின் அந்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடட்டும். வேறொரு விமானத்தின் கோப்பை இதில் ஏற்றவே கூடாது. எஞ்ஜின் வேறானால் வெப்ப வரம்பும் வேறு, எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் வராது.

கேள்வி: கடை எலக்ட்ரானிக் தராசு எடை குறைத்துக் காட்டுகிறது. இணையக் காணொளியைப் பார்த்து முத்திரையைப் பிரித்து நானே செட்டிங் மாற்றிவிட்டேன். பில்லும் தொலைந்துவிட்டது. கம்பெனிமேல் வழக்குப் போட முடியுமா? (திருமங்கலம்)

பதில்: முத்திரையைப் பிரித்தவர் நீங்கள், பில்லைத் தொலைத்தவரும் நீங்கள். எந்த முகத்தோடு வழக்குப் போடுவீர்கள்? அந்தத் தராசில் இன்று யாருக்கும் எடை போடாதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து, எடையளவுத் துறையில் மறுமுத்திரை வாங்குங்கள்.