சத்தமில்லாமல் தண்டால் எடுக்க முடியுங்களா?

கேள்வி: திருப்பூரில் லைன் வீடு, பத்துக்குப் பத்து அறை. கம்பெனி விட்டு வர ராத்திரி ஒன்பதாகிவிடும். ஒன்றரை வயதுப் பாப்பா தூளியில் தூங்குவாள், சின்னச் சத்தத்துக்கும் முழித்துக்கொள்வாள். வீட்டிலேயே ஏதாவது செய்ய வழி இருக்குங்களா?

இருக்குங்கம்மா, பாய் விரிக்கிற இடம் போதும். சத்தம் பெரும்பாலும் உடம்பைத் தூக்கும்போது வருவதில்லை, பொத்தென்று இறக்கும்போதுதான் வரும். அதனால் இறங்குவதை மெதுவாக்குங்கள். சமையல் மேடை விளிம்பில் கை ஊன்றி, நான்கு எண்ணி இறங்கி, இரண்டு எண்ணும்வரை அங்கேயே நின்று எழுங்கள். வேகமாக இருபது எடுப்பவருக்கும் இப்படி எடுத்தால் எட்டிலேயே கை நடுங்கும். பஸ்கியும் அதே கணக்குதான். முதுகுக்குக் கால் நீட்டி உட்கார்ந்து, உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி இடுப்புக்கு இழுங்கள். தூளிக் கொக்கியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்! வாரத்தில் 2 நாளாவது செய்யுங்கள். அப்புறம், வளையலையும் கொலுசையும் கழற்றி வையுங்கள். தண்டாலைவிட அவைதான் பாப்பாவை எழுப்பும்.

கேள்வி: கோவையில் அபார்ட்மென்ட், இரண்டாம் மாடி. ரப்பர் மேட் போட்டும், டம்பெல்லை வைத்தாலே கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார்.

மேட் ஓரளவுதான் தாங்கும். மிச்ச அதிர்வு கான்கிரீட் வழியே இறங்கிவிடும். டம்பெல்லை ஓரங்கட்டிவிட்டு மணல் மூட்டைக்கு மாறுங்கள். நன்றாகக் காய்ந்த மணலைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, பழைய ஜீன்ஸ் காலுக்குள் திணித்து இரு பக்கமும் தைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். ஆறு லிட்டர் போட்டால் ஒன்பது கிலோ. பையை முட்ட நிரப்பாதீர்கள், மணல் அசைந்தால்தான் பிடிக்கத் தோதாக இருக்கும். மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி போட்டுவிட்டுக் கட்டில்மேல் இறக்குங்கள். ஸ்கிப்பிங்கை வீட்டுக்குள் மறந்துவிடுங்கள்.

கேள்வி: சோமனூரில் தறி ஓட்டுகிறேன். பகலெல்லாம் அந்த இரைச்சல். சாயங்காலம் ஜிம்முக்குப் போனால் அங்கே பாட்டு, தலையே வெடிக்கிறது. காதில் பஞ்சு வைத்து வீட்டில் செய்யலாமா?

பஞ்சு போதாது, நுரை அடைப்பான் வாங்குங்கள். அதைத் தறிக்கூடத்தில் போடுங்கள், அங்கேதான் அது தேவை. 85 டெசிபலில் தினமும் எட்டு மணி நேரம் என்று வருடக்கணக்கில் இருந்தாலே காது கெடும். உடற்பயிற்சியில் அதை மாட்டினால் உங்கள் மூச்சே பெரிதாகக் கேட்கும். சிலருக்கு அது இன்னும் எரிச்சல். அமைதியான அறை என்றால் வெறுங்காதோடு செய்யுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முப்பது விநாடி நிற்பது உங்களுக்குச் சரியாக இருக்கும். துளிச் சத்தம் வராது. மூச்சை மட்டும் அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். ராத்திரியில் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்கிறதென்றால் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பயிற்சி எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: தாத்தாவின் கர்லாக்கட்டை இருக்கிறது. ஹாலில் சுற்றலாமா?

உங்கள் ஹாலில் ஃபேன் இருக்கும்தானே? ஊருக்குப் போகும்போது களத்தில் சுற்றிக்கொள்ளுங்கள்.