பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கில் பிக்கப் குறைந்தால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

கேள்வி: 1990-களின் கடைசியில் வந்த 600 சிசி, நான்கு சிலிண்டர் கார்புரேட்டர் பைக்கைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். 9,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இழுவையே இல்லை. கூம்பு ஏர் ஃபில்டர், பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் துண்டு), ஸ்லிப்-ஆன் சைலன்சர் மூன்றும் சேர்ந்த கிட் போட்டால் 15 குதிரைத்திறன் கூடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். புதிதாக இருந்தபோது இதே எஞ்சின், இதே ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி), இதே சைலன்சரோடு ரெட்லைன் (அனுமதித்த உச்ச ஆர்.பி.எம்.) வரை தடையில்லாமல் ஏறியது. இப்போது ஏறவில்லை என்றால் எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே புதுச் சாமான் மாட்டினால் பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேரும். எது எதனால் என்று பிறகு பிரித்தறிவதே பெரும்பாடு.

அந்த கிட்டில் மிக மோசமானது கூம்பு ஃபில்டர். இந்த வகை கார்புரேட்டரில், காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்குவது ஆக்சிலேட்டர் கேபிள் அல்ல. டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வின் இரு பக்கமும் உள்ள காற்றழுத்த வித்தியாசம்தான். ஏர்பாக்ஸ் தரும் சீரான காற்றை நம்பி அமைத்தது அது. ஏர்பாக்ஸைக் கழற்றினால் நடு ஆர்.பி.எம்.மில் இழுவை தொய்ந்துபோகும். ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் அது முழுதாகச் சரியாவது அபூர்வம்.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது பட்டர்ஃபிளை (கேபிள் திறக்கும் தகடு) உண்மையிலேயே முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்த பைக்குகளில் பல சமயம் திறப்பதில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் வேகமாக ஓட்டிய சிறிது நேரத்தில் பெட்ரோல் வரத்து குறையும். மூடியை ஒருமுறை திறந்து மூடியதும் பைக் சரியாக ஓடினால் குற்றவாளி அதுதான். ஏர்பாக்ஸ் பக்கமிருந்து விரலால் ஸ்லைடுகளைத் தூக்கி விடுங்கள். நான்கும் ஒரே நிதானத்தில் இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தொப்பென்று விழுந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது அல்லது சரியாக உட்காரவில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகூடத் தெரியும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அவ்வழியே உபரிக் காற்று நுழைந்து கலவையை மெலிய வைக்கும்.

அடுத்தது மின்சாரம். சாவியைப் போட்டு, இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் வோல்ட்டை அளந்து பேட்டரி வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். 1 வோல்ட் குறைந்தாலே பொறி பலவீனமாகும், அதுவும் உயர் ஆர்.பி.எம்.மில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பச்சை படிந்த கனெக்டர்களும் தேய்ந்த கில் ஸ்விட்சும் வழக்கமான காரணங்கள். சுத்தம் செய்தும் தேறாவிட்டால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக மின்சாரம் எடுத்து, பழைய ஒயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்தலாம். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், கொஞ்சம் ஒயர் போதும். எந்த கிட்டையும்விட இது மலிவு.

சில சமயம் எஞ்சினில் குறையே இருக்காது. டாப் கியரில், மேட்டில், முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆயில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. தரமா (ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஏற்றது) என்று டப்பாவில் பாருங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் ஊற்றிய பைக்குகளில் இது நடக்கும். ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது பிரேக் பிடித்தபடியே இருந்தால், உங்கள் குதிரைத்திறனில் ஒரு பங்கு டிஸ்க்கைச் சூடாக்கவே போகிறது.

கேள்வி: கம்ப்ரெஷன் சோதித்ததில் நான்கு சிலிண்டர்களுக்கும் 170, 165, 120, 168 பி.எஸ்.ஐ. வந்தது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்துப் போர் போட (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இன்னும் இல்லை. மூன்றாவது சிலிண்டர் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு, கோளாறு உண்மைதான். ஆனால் அது ரிங்கா வால்வா என்று இந்த எண் மட்டும் சொல்லாது.

முதலில் சோதனை சரியாக நடந்ததா என்று கேளுங்கள். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்து, நன்றாகச் சார்ஜான பேட்டரியோடு, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை செல்ஃப் அடித்திருக்க வேண்டும். பொறி பாயாதபடி இக்னிஷனைத் துண்டித்திருக்க வேண்டும்.

பிறகு அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் மீது சந்தேகம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். முன்பக்கம் சாய்ந்த சிலிண்டர்களில் ஆயில் ஒரு பக்கமாகவே ஒதுங்கும் என்பதால் இதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

தெளிவான பதில் தருவது லீக்-டவுன் சோதனை. பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியே கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். 10-க்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. அதைவிட முக்கியம், காற்று எங்கே சீறுகிறது என்பது. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே வால்வு கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, அளந்திருக்க வேண்டும். பழைய பைக்கில் கம்ப்ரெஷன் குறைய மிகச் சாதாரணமான காரணம் அது. வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்லப் பதிந்துகொண்டே போவதால் இடைவெளி சுருங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு மூடாவிட்டால் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் கருகும். சத்தம் வரும் வால்வைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத வால்வுக்கு.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு உலோக வட்டு) வகை எஞ்சின் என்றால் கணக்கு எளிது: பழைய ஷிம்மின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். ஷிம் 2.70 மி.மீ., அளந்தது 0.12, வேண்டியது 0.22 என்றால் புது ஷிம் 2.60. பழைய ஷிம்மில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளப்பது நல்லது, தேய்ந்திருக்கலாம். மாற்றியபின் கேம் செயினின் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிய பிறகே செல்ஃபைத் தொட வேண்டும். ஒரு பல் தப்பினாலும் இழுவை போகும். அதிகம் தப்பினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும்.

மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி போதும்: "கிளியரன்ஸ் எவ்வளவு இருந்தது?" எண்ணாகப் பதில் வராவிட்டால் போர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கலாமா?

பதில்: அதிலுள்ள ஓ-ரிங்குகளை ஓரளவு நம்பலாம், ஜெட்டையும் நீடிலையும் (ஸ்லைடோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி) நம்ப முடியாது. 38-ஆம் எண் பைலட் ஜெட்டின் துளை 0.38 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதில் சிறு பிழை வந்தாலும் ஐடிலிங் கெடும். உங்கள் பழைய பித்தளை ஜெட்டுகள் பெரும்பாலும் தேய்வதில்லை, அடைத்துக்கொள்கின்றன. கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து அவற்றையே மாட்டுங்கள். துளையில் இரும்புக் கம்பி விட வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கெய்ஹின் அல்லது மிக்குனி, உங்கள் கார்புரேட்டர் எதுவோ அந்த நிறுவனத்தின் அசல் சாமான் வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கிலும் போலிகள் உண்டு. நம்பகமான டீலரைத் தவிர வேறிடத்தில் வாங்காதீர்கள்.

நான்கு கார்புரேட்டர்களையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமன் செய்வது கடைசி வேலை. வால்வைச் சரிசெய்யும் முன் அதற்குப் பணம் கொடுத்தால் இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: விளம்பரத்தில் 100 பி.எஸ். என்றிருந்த பைக், டைனோவில் (சக்தியை அளக்கும் மெஷினில்) 85 காட்டுகிறது. எஞ்சின் தளர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை, ஆரோக்கியமாகவே இருக்கிறது. நிறுவனங்கள் சொல்வது கிராங்க் அளவு. டைனோ அளப்பது பின்சக்கரத்தில். இடையில் 10 முதல் 15 சதவீதம் குறைவது இயல்பு. 100 பி.எஸ். என்பதே 98.6 ஹெச்.பி.தான். டியூனிங் கடை முன்-பின் ஒப்பீடு காட்டினால் இரண்டு வரைபடமும் ஒரே மெஷினில், ஒரே திருத்த முறையில் (அன்றைய காற்றின் நிலைக்கேற்ப எண்ணைச் சரிசெய்யும் முறை) எடுத்தவையா என்று பாருங்கள். எஸ்.டி.டி. திருத்தம் எஸ்.ஏ.ஈ.யைவிடச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் நான்கு குதிரைகளை விற்றுவிடலாம்!

கேள்வி: எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. இனி ஒன்றே ஒன்றில் செலவு செய்வதென்றால்?

பதில்: முன் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்). 16 பல்லுக்குப் பதில் 15 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை 6.7 சதவீதம் கூடும். அதே ஆர்.பி.எம்.மில் வேகம் சுமார் 6 சதவீதம் குறையும், நெடுஞ்சாலையில் பெட்ரோல் சற்று அதிகம் போகும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து அளவு எடுத்தால் காட்டும் வேகம் தப்பாகும். செயின் தேய்ந்திருந்தால் செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அதன்பிறகும் ஆசை இருந்தால், நீடிலுக்கு அடியில் அரை மி.மீ. வாஷர் ஒன்று. புகை விதிகளுக்காக மெலிதாக வைத்த கலவை நடு ஆர்.பி.எம்.மில் சற்றுத் தடிக்கும், ஓட்டம் மிருதுவாகும். ஸ்லிப்-ஆன் சைலன்சர் சில கிலோ எடையைக் குறைக்கும், சத்தத்தைக் கூட்டும். சக்தி என்று பெரிதாக எதுவும் தராது. கேம், ஹை-கம்ப்ரெஷன் பிஸ்டன் எல்லாம் வேலை செய்யும்தான், ஆனால் அந்தச் செலவில் அதைவிடப் பெரிய எஞ்சின் பைக்கே கிடைத்துவிடலாம்.

கேள்வி: அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சக்தி கூடுமா?

பதில்: மேனுவலில் சொன்ன ஆக்டேனில் எஞ்சின் நாக் அடிக்காமல் (கலவை தானாக வெடித்துத் தட்டல் சத்தம் எழாமல்) ஓடினால், கூடாது.