ஆணியும் போல்ட்டும் போதும்: தோல் அச்சுக் கருவிகள் பற்றிய கேள்வி-பதில்

தோலில் பூவும் பின்னலும் பதிக்கும் இரும்பு அச்சுகளைச் சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் எந்த இரும்பு வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான அச்சுகள் கெடுவது இரும்பால் அல்ல, விளிம்பால். அதனால் கீழே உள்ள பதில்களில் விளிம்பு திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: ஓ.எச்.என்.எஸ். என்ற கருவி எஃகு ராடு வாங்கித் துவைச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) போட்டால்தான் அச்சு நிலைக்கும் என்கிறார்கள். சாதா கம்பி போதாதா?

போதும். ஈரப்படுத்திய தோல் மெத்தென்ற பொருள். அதில் அடித்து எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) கம்பி தேய வருடக்கணக்காகும். 6 அல்லது 8 மி.மீ. எம்.எஸ். ராடை 110 மி.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்க இதுதான் சரியான நீளம். இந்தக் கம்பியில் கார்பன் மிகக் குறைவு என்பதால், பழுக்கக் காய்ச்சி முக்கினாலும் பெரிதாகக் கடினமாகாது. அப்படி ஆகவேண்டிய தேவையும் இல்லை. துவைச்சல் வேண்டியது தோலை வெட்டும் கருவிகளுக்கு, அதாவது துளை போடும் பஞ்சுக்கும் கத்திக்கும்தான்.

கம்பியைவிட அகலமான முகம் வேண்டுமென்றால் அறுகோணத் தலை போல்ட் வாங்குங்கள். எம் 8 போல்ட்டின் தலை 13 மி.மீ. அகலம். 130 மி.மீ. நீளத்தில் பாதி மரை போட்டது வாங்கி, மரைப் பகுதியை அறுத்துவிட்டால் நூறு மி.மீ. கைப்பிடி மிஞ்சும். தலையில் பலத்தைக் குறிக்கும் எண் 4.6 என்று இருந்தால் அரம் சுகமாக ஓடும். 8.8 என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் வேலை நடக்கும். 12.9 என்று பொறித்த ஆலன் போல்ட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், அதைத் தொடவே வேண்டாம்.

மரத்தில் அடிக்கும் பெரிய ஆணியும் நல்ல பொருள்தான். கான்கிரீட் ஆணி கடினமானது. அதைப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, தானாக ஆறவிட்ட பிறகுதான் அரம் பிடிக்கும். துத்தநாகப் பூச்சு உள்ள ஆணியையோ போல்ட்டையோ மட்டும் நெருப்பில் காட்டாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும்.

பித்தளை ராடு அரத்துக்கு இன்னும் இணக்கமானது, துருவும் பிடிக்காது. விலை கூட, கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும். சின்ன, நுணுக்கமான அச்சுகளுக்கு நாங்கள் பித்தளையையே சொல்வோம். புது ஊசி அரம் வாங்கினால் முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, முனை மழுங்கிய பிறகு இரும்புக்கு மாற்றுங்கள். இரும்பில் ஓடிய அரம் பித்தளையில் வழுக்கும்.

கேள்வி: ஆணி முனையில் ஓர் இலை அச்சு செய்தேன். உருவம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் இரண்டாவது அடியிலேயே தோலின் மேல்பரப்பு கிழிகிறது.

அரம் விட்டுப்போன விளிம்பு கத்தி மாதிரிதான் இருக்கும். அச்சின் முகத்தை உங்கள் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகத் துகள் சுரண்டி வந்தால் அது தோலையும் வெட்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி.

சரிசெய்ய, ஒரு துண்டுத் தோலின்மேல் 240 எமரித் தாளை விரித்து, அச்சை நிமிர்த்திப் பிடித்து வட்டமாகத் தேயுங்கள். கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்தால் முகம் தட்டையாகும், விளிம்பு இன்னும் கூராகும். அடியில் தோல் இருந்தால் தாள் கொஞ்சம் அமுங்கி, விளிம்பைச் சுற்றி ஏறும். விளிம்பு தானாக உருண்டுவிடும். பிறகு 400, அதன்பின் 600. உள்பள்ளங்களுக்கு மூங்கில் குச்சியைச் சீவி, பிராஸோ என்ற உலோகப் பாலிஷ் தொட்டுத் தேய்க்க வேண்டும். பருத்தி நூலில் பிராஸோ தடவி, பள்ளத்துக்குள் விட்டு இழுப்பதும் நல்ல வழி. முகம் பளபளவென்று ஆகும்வரை விடாதீர்கள். அச்சில் இருக்கும் ஒவ்வொரு அரக் கீறலும் அப்படியே தோலில் பதியும்.

பக்கங்களையும் பாருங்கள். முகத்திலிருந்து மேலே போகப்போக அச்சு சற்றே விரிய வேண்டும், ஐந்து முதல் பத்து டிகிரி சாய்வு போதும். பக்கம் செங்குத்தாக இருந்தால் ஈரத்தோல் அச்சைக் கவ்விக்கொள்ளும். எடுக்கும்போது அசைத்து அசைத்து எடுப்பீர்கள், அந்த அசைவிலும் கிழியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, கத்தியால் கீறிய கோட்டின் ஓரத்தை அமுக்கும் சரிவு அச்சு. அதன் முன்விளிம்பு கீறலுக்குள் உட்கார வேண்டும் என்பதால் தெளிவாகவே இருக்கட்டும். பின்விளிம்பையும் இரு மூலைகளையும் நன்றாக உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் தனித்தனிப் படியாகத் தெரியும்.

கேள்வி: கூடைப் பின்னல் அச்சு செய்தேன். முதல் வரிசை அழகாக வருகிறது. ஐந்தாறு வரிசை போனதும் பின்னல் கோணிக்கொள்கிறது. அடிப்பதில் பிழையா, அச்சில் பிழையா?

அச்சில் என்றே முதலில் சந்தேகப்படுங்கள். இந்த அச்சின் முகம் படுத்த ‘I’ வடிவில், சிறு எலும்புபோல இருக்கும்: இரண்டு முனையிலும் குறுக்குப் பட்டைகள், நடுவில் இடுப்பு. பதிக்கும்போது ஒரு தடத்தின் முனைப் பட்டை அடுத்த தடத்தின் முனைப் பட்டைமேல் உட்காரும். ஒரு பட்டை மற்றதைவிட 0.2 மி.மீ. நீண்டிருந்தால் முதல் வரிசையில் கண்ணுக்குத் தெரியாது. பத்தாவது வரிசையில் அதே பிழை 2 மி.மீ. ஆகி நிற்கும்.

சோதனை எளிது. ஈரத்தோலில் ஒருமுறை பதியுங்கள். அச்சை எடுத்து, கைப்பிடியை அரைச்சுற்றுத் திருப்பி, அதே தடத்துக்குள் கை எடையில் வையுங்கள். இரண்டு பட்டையும் சமமென்றால் சாவி பூட்டுக்குள் போவதுபோல உட்காரும். ஒரு பக்கம் ஏறி நின்றால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. முகத்தில் மார்க்கரால் கருப்படித்து, ஏறிய பக்கத்தை ஊசி அரத்தால் இரண்டே இழுப்பு இழுத்து மறுபடி பாருங்கள். இந்தத் திருப்பிப்போடும் சோதனையைப் பத்துத் தடவையாவது செய்ய வேண்டிவரும். அவசரப்பட்டு ஐந்தாறு இழுப்பு இழுத்தால் மறுபக்கத்தையும் குறைக்க வேண்டும். அப்படியே மாறி மாறிக் குறைத்து அச்சே சிறுத்துப்போகும்.

புதிதாகச் செய்வதென்றால் இந்த அளவில் தொடங்குங்கள். முகம் 10 × 5 மி.மீ. முனைப் பட்டைகள் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கனம். இடுப்பின் இரு பக்கத்தையும் அரைவட்ட அரத்தால் ஒரு மி.மீ. அளவுக்குக் குடையுங்கள். இடுப்பின் முகத்தைப் பட்டைகளைவிட அரை மி.மீ. தாழ்த்தி, நடுவில் சற்றே குழித்துவிடுங்கள். அந்தக் குழிக்குள் தோல் புடைத்து எழும்பும்போதுதான் பார்ப்பவருக்கு நிஜப் பிரம்பு பின்னியதுபோலத் தெரியும். இடுப்பு தட்டையாக இருந்தால் பின்னல் உயிரில்லாமல் கிடக்கும்.

அச்சு சரியாக இருந்தும் கோணினால் மூன்றைக் கவனியுங்கள். முதல் வரிசைக்கு மழுங்கிய முனையால் லேசாக ஒரு வழிகாட்டிக் கோடு வேண்டும். பேனா வேண்டாம், மை போகாது. உருண்டைக் கம்பி விரலுக்குள் சுழலும், அதனால் கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தை அரத்தால் ஒரு தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியும் ஒரே பலத்தில் விழ வேண்டும். ஆழமாக விழுந்த தடம் அகலமாகவும் இருக்கும்.

கேள்வி: என் பெயரில் வரும் ‘ழ’வைத் தமிழிலேயே அச்சாகச் செய்ய முடியுமா? எழுத்து இடவலம் மாறி வராமல் வரைய என்ன வழி?

முடியும், ஆனால் முதல் அச்சாக இதை எடுக்காதீர்கள். தமிழ் எழுத்துகளின் சிரமமே சுழிகள்தான். 

எழுத்தைக் கணினியில் நேராகவே எழுதி, லேசர் பிரிண்டரில் 8 முதல் 10 மி.மீ. உயரத்தில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் உதவாது, டோனர்தான் வேண்டும். எமரியால் தேய்த்துத் துடைத்த பித்தளை முகத்தின்மேல் தாளைக் குப்புற வைத்து, அசிட்டோன் நனைத்த பஞ்சால் அழுத்துங்கள். தாளை உரித்தால் எழுத்து முகத்தில் இடவலம் மாறி ஒட்டியிருக்கும். அதுதான் வேண்டும். தோலில் அடிக்கும்போது மறுபடி மாறி நேராகும். தாளில் ஏற்கெனவே திருப்பி அச்சிட்டால் தோலில் இடவலம் மாறி வரும், பலர் தவறுவது இங்கேதான்.

சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்தை முதலில் எடுங்கள். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி வைத்து, 1 மி.மீ. டிரில்லில் ஒன்றரை மி.மீ. ஆழம் போனால் போதும். உள்ளே முடிந்த பிறகே வெளிப்புறம். வெளியை முதலில் அரத்தால் செதுக்கிவிட்டால் சுழியின் சுவர் மெலிந்து, டிரில் பட்டதும் பிய்ந்துவிடும். கோட்டின் கனம் 0.8 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

கேள்வி: பூவைச் சுற்றிப் பின்னணியைச் சொரசொரப்பாக்கும் புள்ளி அச்சுக்குச் சுலப வழி உண்டா?

உண்டு. கம்பி முனையைத் தட்டையாக்கி, முக்கோண ஊசி அரத்தால் ஒரு மி.மீ. இடைவெளியில் இணைகோடுகள் போடுங்கள். பிறகு குறுக்கே அதேபோல. சின்னச் சின்னக் கோபுரங்களாக நிற்கும். அவற்றின் உச்சியை 400 தாளில் இரண்டு முறை இழுத்து மழுக்கினால் முடிந்தது. முகத்தைச் சதுரமாக வைக்காமல் கண்ணீர்த்துளி வடிவில் செதுக்கினால் இதழ்களுக்கு இடையே உள்ள இடுக்கிலும் போகும்.

கேள்வி: அச்சில் குறையே இல்லை, ஆனால் தடம் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது.

தோல் குரோம் உப்பால் பதனிட்டதாக இருக்கும். அது ரப்பர்போல மீண்டுவிடும், எந்த அச்சும் நிற்காது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம், பழுப்பென்றால் பெரும்பாலும் பட்டை பதனிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிடைப்பதில் பெரும்பகுதி குரோம் தோல். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டு ‘ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்’ என்று பெயர்பெற்ற தோல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கத்தில் பழக்கமானது. கேட்கும்போதே, மேலே பெயின்ட் ஃபினிஷ் போடாத பட்டை பதனிட்ட தோல், இரண்டரை முதல் மூன்றரை மி.மீ. கனம் என்று சொல்லிக் கேளுங்கள். எருமைத் தோலில் மேல்பரப்பு கரடாக இருப்பதால் நுணுக்கமான கோடு அமுங்கிப்போகும்.

பட்டை பதனிட்ட தோலும் மறைந்தால், ஈரம் தப்பு. ஸ்பாஞ்சால் சீராக நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை காத்திருங்கள். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அடித்தால் தடம் கரும்பழுப்பாக மாறும். அடிக்கும்போது நீர் கசிந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

அடியில் மரப்பலகை வைக்காதீர்கள், அடி துள்ளும். சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு நல்லது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் இன்னும் நல்லது. அம்மிக்கல் கனமாக இருந்தாலும் கொத்திய பரப்பு. அந்தப் புள்ளிகள் தோலின் அடிப்பக்கம் பதியும்.

கேள்வி: பதித்த இடத்தில் கருநீலப் புள்ளிகள் வருகின்றன.

தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பு உண்டாகும். கலம்காரியில் கடுக்காய் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசலால் கருப்புக் கோடு இழுப்பது இதே வேதியியல்தான். துணியில் வேண்டியது தோலில் வேண்டாதது. அரத்தூள் ஒரு துகள் விழுந்தாலும் போதும், எனவே அரம் போடும் மேசையில் தோலை வைக்காதீர்கள். அச்சைப் பயன்படுத்துமுன் துடையுங்கள், வேலை முடிந்ததும் துளி தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். புதுக் கறையை எலுமிச்சைச் சாற்றை நீரில் கலந்து ஒற்றி எடுக்கலாம், பிறகு வெறும் நீரால் துடைக்க வேண்டும். பழைய கறை முழுதும் போகாது.

கேள்வி: 30 மி.மீ. சதுரத்தில் லோகோ அச்சு செய்தேன். பெரிய சுத்தியலால் அடித்தும் பாதிதான் பதிகிறது.

கணக்குப் பாருங்கள். 6 மி.மீ. சதுர அச்சின் பரப்பு 36 சதுர மி.மீ., உங்களுடையது 900. அதே ஆழம் வேண்டுமென்றால் இருபத்தைந்து மடங்கு பலம் வேண்டும். அடித்துப் பதிக்க 15 மி.மீ. வரைதான் நியாயமான எல்லை. அதற்குமேல் அழுத்தித்தான் பதிக்க வேண்டும். அச்சையும் தோலையும் இரண்டு தட்டை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, பெஞ்ச் வைஸில் இறுக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். அடிக்கடி செய்வதென்றால் நெம்புகோலால் அழுத்தும் ஆர்பர் பிரஸ் வாங்குவதே மேல்.

இந்த அளவை அரத்தால் செதுக்குவதும் வீண் சிரமம். அழைப்பிதழில் தங்க எழுத்து அச்சிடுபவர்களுக்குப் பித்தளை பிளாக் வெட்டித்தரும் கடைகளில் கொடுங்கள். பள்ளம் ஒன்றரை மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். காகிதத்துக்கான ஆழம் தோலுக்குப் போதாது, பள்ளத்தின் அடியும் தோலைத் தொட்டு எழுத்தைக் கலங்கடிக்கும்.

கேள்வி: அச்சின் தலை அடிபட்டுக் காளான்போல விரிந்துவிட்டது.

இரும்புச் சுத்தியலை விடுங்கள். 400, 500 கிராம் நைலான் சுத்தியோ மரச்சுத்தியோ போதும். விரிந்த ஓரத்தை இன்றே கிரைண்டரில் எடுத்துவிட்டு, தலையின் விளிம்பைச் சுற்றிலும் ஒரு மி.மீ. சாய்வு போடுங்கள். அந்தப் பிசிறு உடைந்து தெறித்தால் போகும் இடம் கண்ணாக இருக்கலாம். அதை எடுக்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.